அம்மா ஈப்போவுல எடுத்து வளத்த சீனப்பிள்ளை, டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா அவுக சொந்தத்த கண்டுபிடிக்க முடியுமா?

தேவகோட்டை மக:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விசயம், நீளமா போனா பொறுத்துக்கங்க. எங்க அம்மாவுக்கு இப்ப 75 வயசு. எங்க ஐயா (அம்மாவோட அப்பா) மலேசியாவுல இருக்குற ஈப்போவுல ஒரு செட்டியார் கடைக்கு சமையலாளா போனவுக, ரெண்டாம் உலகச் சண்டையெல்லாம் முடிஞ்ச பொறவு அம்மாச்சியையும் கூட்டிட்டுப் போய்ட்டாக. புள்ள இல்ல. கடைக்கு முளைகட்டுன பயிறும் கீரையும் கொண்டாந்து போடுற ஒரு சீனத்தம்மா, ஏற்கனவே நாலு பொட்டப்புள்ள, அஞ்சாவதும் பொண்ணாப் பொறந்ததும் பத்து நாள் புள்ளய துணியில சுத்திக் கொண்டாந்து அம்மாச்சி கையில குடுத்துட்டுப் போய்ட்டாகளாம். அது 1950. அதுதான் எங்க அம்மா. 1957 ல ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து எறங்குனப்ப அம்மாவுக்கு ஏழு வயசு.

ஊருல எல்லாருக்கும் தெரியும், யாரும் முகத்துக்கு நேரா பேச மாட்டாக. அம்மாவுக்கு தமிழத் தவிர ஒண்ணும் தெரியாது, இடியாப்பமும் கந்தரப்பமும் அவுக கைப்பக்குவத்துக்கு ஊரே வரும். ஆனா கண்ணாடி பாக்குறப்ப எல்லாம் என்ன நெனப்பாகளோ. போன மாசம் டிவில சீனப் புத்தாண்டு காட்டுனான், வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டே இருந்தாக. அப்பதான் எனக்கு உறைச்சுது, இன்னும் எத்தன வருசம் நமக்கு இருக்குனு.

மதுரையில ஒரு லேப்ல போயி கேட்டேன், அப்பா பேரு நிரூபிக்கத்தான் டெஸ்ட் பண்ணுவோம், ஒப்பிட இன்னொரு ஆளு வேணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த இன்னொரு ஆளதான நான் தேடுறேன்? யாராச்சும் வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க. தங்கச்சி மெல்போர்ன்ல இருக்கா, அங்கேர்ந்து கிட் வாங்கிட்டு வர்றேங்கிறா. அம்மா எச்சில எடுக்கணுமா இல்ல எங்க எச்சிலே போதுமா?

---

லேப்காரன் மதுரை:

அக்கா, அவங்க சொன்னதும் ஒரு விதத்துல சரிதான், அது வேற டெஸ்ட். கோர்ட்டுக்குப் போற டெஸ்ட்ல ரெண்டு பேரயும் பக்கத்துல வச்சு ஒரு இருவது சொச்சம் எடத்த மட்டும் ஒப்பிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது வம்சாவளி டெஸ்ட். அதுல ஆறு ஏழு லட்சம் எடத்த படிச்சு, ஏற்கனவே அந்தக் கம்பெனில எச்சில் குடுத்த லட்சக்கணக்கான பேரோட ஒப்பிட்டு, இவரு உங்களுக்கு சொந்தம்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க. அந்த லிஸ்ட்தான் முக்கியம். முதல் பக்கத்துல தென்சீனா இத்தன சதவீதம்னு கலர் கலரா படம் வரும், அத பாத்து எல்லாரும் சந்தோசப்படுவாங்க, ஆனா அத வச்சு ஒரு ஆளக்கூட கண்டுபிடிக்க முடியாது.

கண்டிப்பா அம்மாவத்தான் எடுக்கணும். உங்ககிட்ட அவங்களோடது பாதிதான் இருக்கு, மீதி பாதி உங்க அப்பா வழி, அதனால தூரத்து சொந்தம் உங்க லிஸ்ட்ல வராமலே போயிரும். சொந்தத்த சென்டிமார்கன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க. பெத்தவங்க புள்ளைங்கன்னா 3400 சொச்சம், கூடப்பொறந்தவங்க 2600 வாக்குல. அம்மாவோட அக்கா மகனோ மகளோ வந்தா 1750 பக்கம், அக்காவோட பேரன் பேத்தின்னா அதுல பாதி, 850லேர்ந்து 900, கொள்ளுப்பேரன்னா 430 போல. இதெல்லாம் சராசரி, முன்ன பின்ன இருக்கும். ஒரே நம்பர் ரெண்டு மூணு உறவுக்கும் பொருந்தும், அப்ப அந்த ஆளோட வயச பாத்துதான் முடிவு பண்ணணும். நாலு அக்கான்னு சொல்றீங்களே, அந்த நாலு கிளையில எங்கயோ ஒரு பேத்தி ஆசைக்கு டெஸ்ட் எடுத்திருந்தாலே போதும்.

அம்மா வெத்தல போடுவாங்களா? போட்டா வாய நல்லா கொப்புளிச்சுட்டு அரைமணி நேரம் தண்ணி கூட குடிக்காம இருந்துதான் எடுக்கணும். வயசானவங்களுக்கு வாய் காய்ஞ்சிருக்கும், ட்யூப் நெறையா துப்புறது பெரும்பாடு. கம்பெனிகள்ல ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் துப்புற ட்யூப்தான், மைஹெரிட்டேஜும் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏவும் கன்னத்துக்கு உள்ள குச்சியால தேய்க்கிறது.

---

கண்டனூர் வாசகர்:

கேக்குறேன்னு தப்பா நெனைக்காத தாயி. பத்து நாள் புள்ளய குடுத்துட்டுப் போனவுகள 75 வருசம் கழிச்சு எதுக்குத் தேடணும்? வளத்தவுகதான் பெத்தவுக. உங்க அம்மாச்சி உசுரோட இருந்தா மனசு என்ன பாடுபடும்? போறாததுக்கு அந்தப் பக்கத்து ஆளுக நம்ம சொத்துக்கு வர்றாகளோனு பயப்படுவாக.

---

தேவகோட்டை மக:

அண்ணே நீங்க வயசுல பெரியவுக, கோவிச்சுக்கல. ஆனா அம்மாச்சி கண்ண மூடுற வரைக்கும் அந்த சீனத்தம்மாவ பழிச்சு ஒரு வார்த்த சொன்னதில்ல. புள்ளய குடுத்த பொறவும் பயிறு போட வர்ற சாக்குல பின்வாசல்ல நின்னு பாத்துட்டுப் போவாகளாம், கையில வாங்க மாட்டாகளாம், வாங்குனா திருப்பிக் குடுக்க மனசு வராதுனு. இத அம்மாச்சியேதான் எங்ககிட்ட சொன்னாக, சொல்றப்ப அழுதாக. வேண்டாம்னு தூக்கிப் போட்ட புள்ள இல்ல எங்க அம்மா. சொத்து பத்தி நாங்க யாரும் நெனைக்கவே இல்ல, எங்களுக்கு இருக்குறதே ஒரு ஓட்டு வீடு.

---

ஈப்போ தம்பி:

அக்கா, உங்க பதிவ படிச்சு கை நடுங்கிருச்சு. நான் ஈப்போதான், எங்க பாட்டியும் இதே மாதிரி தமிழ் வீட்டுல வளந்த சீனப்பிள்ளை. இங்க தோட்டத்துலயும் டவுன்லயும் இது நெறையா குடும்பத்துல உண்டு, சேலை கட்டி பொட்டு வச்சு தீமிதிக்குப் போன சீனப்பாட்டிகள நானே பாத்து வளந்தவன்.

1950னு சொல்றீங்க. அந்த வருசம் பிப்ரவரி 17ல சீனப் புத்தாண்டு, அதுக்கப்பறம் பொறந்திருந்தா புலி வருசம். புலி வருசத்துப் பொண்ணு வீட்டுக்கு ஆகாதுன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்க, நம்ம ஆளுக மூல நட்சத்திரத்துக்கு சொல்றாப்புல. அது போக அந்த நேரம் மலாயா எமர்ஜென்சி, பிரிட்டிஷ்காரனுக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாவுக்கும் சண்ட நடந்த காலம். காட்டோரம் காய்கறி போட்டு பொழச்ச சீனர்கள, கம்யூனிஸ்ட் கெரில்லாவுக்கு சோறு போடுறாங்கன்னு பிரிட்டிஷ்காரன் 1950லேர்ந்து வேரோட பிடுங்கி, முள்ளுக்கம்பி போட்ட புதுக்கிராமத்துல கொண்டு போய் அடைச்சான், கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேர். அந்த அம்மா எந்த நெலமையில குடுத்தாங்களோ.

முளைகட்டுன பயிறுன்னு சொன்னீங்க பாருங்க, அத இங்க தவ்கேம்பாங்க. ஈப்போ தவ்கேக்கு புந்தோங்தான் பேர் போனது, தமிழர்களும் நெறையா இருக்குற எடம். உறுதியா சொல்ல முடியாது, ஆனா நான் தேடுனா அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, லிஸ்ட்ல வர்ற பேருகள பாத்து குழம்பக்கூடாது. சீனத்துலயே பல பேச்சு இருக்கு, ஒரே குடும்பப்பேரு ஹொக்கியன் பேச்சுல "டான்", கேன்டனீஸ்ல "சான்", மாண்டரின்ல "சென்". லிம், லாம், லின் மூணும் ஒண்ணுதான். ஈப்போ பக்கம் கேன்டனீஸ் பேசுறவங்க அதிகம். இங்க உள்ளூர்ல இந்த டெஸ்ட் எடுக்குறவங்க கம்மி, ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து போய் செட்டிலான பேரன் பேத்திங்கதான் எடுக்குறாங்க, அதனால உங்களுக்கு மேட்ச் வந்தா அங்கேர்ந்துதான் வரும். எங்க பாட்டிக்கு முதல்ல வந்தது பெர்த்ல இருக்குற ஒரு பொண்ணு, 200 சொச்சம் சென்டிமார்கன். நான் அவசரப்பட்டு முதல் மெசேஜ்லயே கதை பூராவும் எழுதி அனுப்பிட்டேன், ஏழு மாசம் பதிலே இல்ல. பயந்துட்டாங்க பாவம். நீங்க நாலே வரி எழுதுங்க, எங்க அம்மா ஈப்போவுல 1950ல பொறந்தவங்க, நாம சொந்தம்னு காட்டுது, உங்க தாத்தா பாட்டி எந்த ஊருன்னு தெரிஞ்சுக்கலாமான்னு மட்டும்.

காகிதம் எதிர்பாக்காதீங்க. இங்க தத்து பதிவு பண்ற சட்டமே 1952லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் வாய்வார்த்தைதான். ஆனா கப்பல்ல வர்றப்ப எடுத்த பாஸ்போர்ட் இருந்தா பாருங்க, புள்ள பேரும் பொறந்த தேதியும் அதுல எழுதியிருப்பாங்க.

---

பள்ளத்தூர் வளவுவீடு:

ஆச்சி, ஐயா வேல பாத்த கடையோட விலாசம் (கடைப்பேருல வர்ற எழுத்துக) தெரியுமா? எங்க பட்டாலையில இன்னமும் ரெண்டு பெட்டகம் நெறையா பேரேடும் கடுதாசியும் கெடக்கு, மேலாள் அடுத்தாள்லேர்ந்து சமையலாள் வரைக்கும் மூணு வருசக் கணக்கு முடிச்சு சம்பளம் எழுதி வச்சிருப்பாக, யாருக்கு எதுக்கு பத்து வெள்ளி (மலாயா டாலர்) குடுத்தாகன்னு கூட இருக்கும். பயிறு வகைக்கு மாசாமாசம் பணம் வாங்குனவுக பேரு அந்தக் கடை ஏட்டுல இருக்க வாய்ப்பிருக்கு. விலாசத்தச் சொல்லுங்க, அவுக வாரிசு எந்த ஊருன்னு நான் விசாரிக்கிறேன்.

அப்படியே லேப் தம்பிக்கு ஒரு கேள்வி. எங்க ஐயாவும் சுவீகாரம் வந்தவுக, எந்த வீட்டுலேர்ந்து கூட்டுனாகன்னு இப்ப யாருக்கும் சரியா தெரியல. நாங்க எடுத்தா தெரியுமா?

---

லேப்காரன் மதுரை:

அண்ணே உங்களுக்கு சிக்கலே வேற. ஒரே சமூகத்துக்குள்ள தலைமுறை தலைமுறையா மாத்தி மாத்தி கட்டிக்கிட்டதால எல்லாரும் எல்லாருக்கும் நாலு வழில சொந்தம், உண்மையில மூணாம் தலைமுறை சொந்தம் நம்பர்ல ரெண்டாம் தலைமுறை மாதிரி காட்டும். 2017ல ஐதராபாத்ல இருக்குற சிசிஎம்பிங்குற உயிரியல் ஆராய்ச்சி மைய ஆளுகளும் சேர்ந்து செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, தெற்காசியாவுல 260க்கு மேல சமூகங்கள பாத்ததுல 81 சமூகத்துல இந்த நெருக்கம் ஐரோப்பாவுல பேர் போன யூதர்கள விடவும் பின்லாந்துக்காரங்கள விடவும் அதிகம்னு. உங்களுக்கு ஆம்பள வழி ஒய் குரோமோசோம் டெஸ்ட் கைகுடுக்கலாம், அது அப்பன்லேர்ந்து மகனுக்கு மட்டுமே போறது, அதனால ஐயாவ பெத்த வீட்டு ஆம்பள வாரிசு யாராச்சும் எடுத்தா ஒத்துப்போகும். கண்டனூர் அண்ணே சொன்ன சொத்து விசயத்துல, 1956 இந்து தத்துச் சட்டத்துல 12ஆம் பிரிவுப்படி, அதுக்கப்பறம் தத்து போனவங்களுக்கு பெத்த வீட்டு உறவு அறுந்துருது, ஆனா கல்யாணத்துக்கு அந்த ரத்த உறவு முறை விலக்கு அப்படியே இருக்கும், அதுக்கு முந்தி நடந்த தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

தேவகோட்டை அக்கா, ஒரு எச்சரிக்கையும் சொல்லிர்றேன். எச்சில் குடுத்தா அது உங்க தங்கச்சி, புள்ளைங்க எல்லாரோட விவரமும்தான். 2023ல 23அண்ட்மீ கம்பெனில 69 லட்சம் பேரோட தகவல் திருட்டு போச்சு, 2025 மார்ச்ல அவங்க திவால் மனு போட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்லல, வீட்டுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டு செய்ங்க. ரிசல்ட் வந்ததும் அந்த ஃபைல டவுன்லோட் பண்ணி ஜிஇடிமேட்ச்ங்குற வெப்சைட்ல ஏத்துங்க, வேற கம்பெனில எடுத்தவங்களும் அங்க ஏத்தியிருப்பாங்க.

---

தேவகோட்டை மக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அம்மாகிட்ட பேசிட்டேன். கோவப்படுவாகளோனு பயந்துகிட்டேதான் ஆரம்பிச்சேன். ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "பெத்தவ இருக்க மாட்டா. அந்த நாலு அக்காவுல ஒருத்தியாச்சும் இருக்காளானு பாரு"ன்னாக. நாலுங்குறத அம்மாச்சி எங்ககிட்ட மட்டும்தான் சொன்னாகன்னு நெனச்சிருந்தேன், அம்மாவும் இத்தன வருசமா மனசுக்குள்ளயே எண்ணிக்கிட்டு இருந்திருக்காக.

வெத்தல போடுவாக, அதனால குச்சி வகையே வாங்கச் சொல்லிட்டேன், தங்கச்சி பொங்கலுக்கு வர்றா. அம்மாச்சி டிரங்குப் பெட்டில பாஸ்போர்ட் இருந்துச்சு, அம்மாவ மடியில வச்சு எடுத்த போட்டோ, பொறந்த தேதி 1950 ஆகஸ்ட்னு எழுதியிருக்கு, ஐயா குத்துமதிப்பா சொன்னதா கூட இருக்கலாம். அண்ணே, கடை விலாசம் ஐயாவோட பழைய கடுதாசி உறையில இருக்கு, தனி மெசேஜ்ல அனுப்புறேன்.

ஈப்போ தம்பி, உங்களால முடிஞ்சா புந்தோங் பக்கம் வயசானவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கப்பா. தவ்கே வித்தவுக, வரிசையா அஞ்சு பொண்ணு, கடைசிப் புள்ளய செட்டியார் கடை சமையல்காரர் வீட்டுல குடுத்தவுக.