அப்டேட்: மாமாவுக்கு நெஞ்சு இறுக்கம், மீன் எண்ணெய் மாத்திர
மாமாவுக்கு படியேறுனா தாடை வரைக்கும் இறுக்குது, வாய்வுன்னு ஓமத்தண்ணி குடிக்காவ, மீன் எண்ணெய் மாத்திர போதுமான்னு கேட்டிருந்தேம்லா, அதுக்கு அப்டேட். பாளையங்கோட்டையில காட்டியாச்சு. படுக்க வச்சு எடுத்த ஈசிஜி நார்மல், டிரெட்மில்ல நடக்க விட்டதும் மாறிட்டு, இதய ரத்தக்குழாய படம் எடுக்குற ஆஞ்சியோல அடைப்பு தெரிஞ்சு, குழாய விரிச்சு வைக்குற ஸ்டென்ட் வச்சு இப்ப நல்லாருக்காவ. நடந்தா வந்து உக்காந்தா போற இறுக்கத்த வாய்வுன்னு விட்டுராதீய மக்கா, சுகர் இருந்தா மாரடைப்பு வலியே தெரியாமலும் வரும். மீன் எண்ணெய் அடைப்ப கரைக்காது, டோஸ் கூடுனா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு துடிப்பு தாறுமாறாகுற ரிஸ்க் வேற, டாக்டர் நிறுத்திட்டாவ, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினு, கொழுப்பு குறைய ஸ்டேட்டினுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரயத்தான் விடாம போடணும். திடீர்னு நெஞ்சு வலின்னா 108க்கு அடிங்க, 2023லேர்ந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கு முதல் டோஸ் மாத்திர குடுக்காவ.