மகள் கிரீமை நிறுத்த என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: திற்பரப்பு அம்மா

விடியும் முன்பே நானும் அவள் அப்பாவும் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவோம். மகளுக்கு 19 வயது, மார்த்தாண்டத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மூன்று மாதமாக முகத்தில் ஒரு கிரீம் பூசுகிறாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பூசிக் காட்டியதைப் பார்த்து 850 ரூபாய்க்கு வரவழைத்தது. டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை. முகம் வெளுத்துவிட்டது, கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருக்கின்றன. போன வாரம் காலையில் அவள் கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. தூக்கம் போதவில்லை என்கிறாள்.

"மக்களே, இது வேண்டாம்" என்று கெஞ்சினேன், திட்டினேன், டப்பாவை ஒளித்தும் வைத்தேன். நான்காம் நாள் புதியது வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி அரை நிமிடம் பேசியது அவளுக்கு வேதமாக இருக்கிறது. பெற்றவள் பேச்சு ஏறவில்லை. எப்படிச் சொன்னால் கேட்பாள்?

பதில் 1: தக்கலை, ஆய்வகப் பணியாளர்

அக்கா, பேச்சு பிறகு இருக்கட்டும். கிரீமை இன்றே நிறுத்தச் சொல்லி, நாளையே சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். சிறுநீர் நுரைக்கிறதா, கால் வீங்குகிறதா என்றும் கேளுங்கள்.

இந்த மாதிரி கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோலில் நிறமி உண்டாவதைத் தடுப்பதால்தான் வெளுப்பு இவ்வளவு வேகமாகத் தெரிகிறது. தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலப்புறத்தில் 2021 முதல் 2023 வரை ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சட்டப்படி முகத்துக்கான கிரீமில், தற்செயலாகக் கலந்தால்கூட, பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

டப்பாவில் "தங்கம், வெள்ளி, ரப்பர் படக்கூடாது" என்று இருந்தால் பாதரசம் இருக்கிறதென்றே சந்தேகப்படுங்கள். அவள் முகம் துடைக்கும் துவர்த்தை வேறு யாரும் தொட வேண்டாம். அதன் வழியே வீட்டில் மற்றவர்களுக்கும் பாதரசம் சேரும். டப்பாவை வீசாமல் இறுக மூடி, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பதில் 2: கருங்கல் மாணவி

அம்மா, நானும் 17 வயதில் பூசியவள். அந்த வீடியோக்களைத் தேடிப் போனதில்லை. ஒன்றை முழுதாகப் பார்த்தேன், அடுத்த நாள் பத்து வந்தன. எல்லாவற்றிலும் முதலில் கறுத்த முகம் அழும், பிறகு வெளுத்த முகம் சிரிக்கும். ஆனால் அந்த முதல் வீடியோவில் என் விரல் நின்றதற்குக் காரணம் ஒரு கல்யாண வீடு. "பிள்ளைக்கு நிறம் மட்டும் கொஞ்சம் இருந்திருந்தால்" என்று அத்தை பந்தியில் சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்தும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பூசாதே என்று அவளிடம் சொல்லும் முன், அவள் நிறத்தைப் பற்றி உங்கள் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

திற்பரப்பு அம்மா

கருங்கல் மகளே, உன் பதிலைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. அவள் வயிற்றில் இருக்கும்போது குங்குமப்பூ வாங்கித் தின்றவள் நான். பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பி அப்பிப் பவுடர் போட்டு அனுப்பியதும் நான்தான்.

நேற்று ரப்பர் ஷீட் காயப்போடும்போது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தானே டப்பாவைக் கொண்டுவந்து, ஃபோனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படித்தாள். தங்கம், வெள்ளி படக்கூடாது என்றுதான் இருந்தது.

சிறுநீரில் புரதம் இருக்கிறது. திங்கட்கிழமை பால்வெட்டுக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். அந்தத் துவர்த்தில்தான் அவள் அப்பாவும் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.