புற்று ஊக்கியா, புற்றுத்தூண்டியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து:
வணக்கம். வேளாண் மாணவர்களுக்கான களைக்கொல்லிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறது. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட் களைக்கொல்லியை 2ஏ பிரிவில் (மனிதருக்குப் புற்றை உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்கவை) வைத்தபோது, அதன் கலவை ஒன்று சுண்டெலித் தோலில் கட்டிகளுக்குப் ‘புரமோட்டர்’ ஆனதையும் குறித்தது. இந்தவகைச் சோதனையில் முதலில் டிஎம்பிஏ என்ற வேதிப்பொருள் போன்ற ‘இனிஷியேட்டர்’ ஒரே ஒரு தடவை. டிஎன்ஏவில் அழியாத பழுது விழும். பிறகு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் புரமோட்டர். பழுதான உயிரணு பெருகும். வரிசை மாறினால் பெரும்பாலும் கட்டி வராது. முன்னதைத் ‘தொடக்கி’ என்றேன். பின்னது ‘ஊக்கி’ எனலாமா?

தஞ்சையிலிருந்து:
ஊக்கி வேண்டாம் ஐயா. உரக்கடையில் வளர்ச்சி ஊக்கி என்றால் பயிருக்கு நல்லது. 2,4-டி களைக்கொல்லியே ஆக்சின் என்ற பயிர் வளர்ச்சி ஹார்மோன் போல வேலை செய்வது: மிகச் சிறிய (பிபிஎம்) அளவில் ஊக்கி, களைக்கு அடிக்கும் அளவில் அகன்ற இலைச் செடியைத் தாறுமாறாக வளரவைத்து, முறுக்கிக் கொல்லும். ஒரே பக்கத்தில் இரண்டு ஊக்கி வந்தால் பாடம் கெட்டது. புற்றுத்தூண்டி என்க.

மதுரையிலிருந்து:
தூண்டியே. எரியாத திரியை யாரும் தூண்டுவதில்லை. கொளுத்திய பிறகு திரியை நிமிண்டிவிட்டால் சுடர் பெருகும். ‘தூண்டு சுடரனைய சோதி’ என்று அப்பர் பாடுவதும் அதைத்தான். தொடக்கி கொளுத்துகிறது, தூண்டி பெருக்குகிறது. இன்னொன்று: இச்சோதனைகளில் வழக்கமான புரமோட்டரான டிபிஏ, நம் சித்த மருத்துவர் சுத்தி செய்து பேதிக்குத் தரும் நேர்வாள விதையின் எண்ணெயிலிருந்து பிரித்தது. அதற்குத் தமிழ்ப்பெயர் இல்லாமலா போகும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
விளக்கு அழகு, ஐயா. ஆனால் ‘கலவரத்தைத் தூண்டினான்’ என்றால் இன்று என்ன பொருள்? தொடக்கிவைத்தான் என்பதுதானே. களைநாசினியே புற்றைத் தொடக்கியது என்று மாணவர் படிப்பர். ‘தூண்டி’ வினையெச்சமுமாகும், ‘புற்றைத் தூண்டிப் பரவும்’ என்று வாக்கியம் தடுக்கும். உண்மையில் நடப்பது கலப்பெருக்கம், அதாவது உயிரணுப் பெருக்கம். ஆகவே ‘புற்றுப்பெருக்கி’.

தஞ்சையிலிருந்து:
பெருக்குவது என்றால் எங்கள் ஊரில் விளக்குமாறு.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஒலிபெருக்கியை யாரும் விளக்குமாறு என்று நினைப்பதில்லை.

சேலத்திலிருந்து:
மரபணுவின் முன்பகுதிக்கும் புரமோட்டர் என்றே பெயர். எந்தச் சொல் எடுத்தாலும் ‘புற்று’ என்ற முன்னொட்டை விடாதீர்கள். 2ஏ என்பது சான்றின் வலுவைச் சொல்வது, எவ்வளவு மேலே பட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல. அதே 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வேறு முடிவுக்கு வந்தது. சொல் கிடைத்த மகிழ்ச்சியில் இந்த வரி விடுபட வேண்டாம்.

கோவையிலிருந்து:
வாக்கு: தூண்டி 5, பெருக்கி 3. ‘புற்றுத்தூண்டி: முன்பே பழுதான உயிரணுவைப் பெருகச் செய்வது, பழுதை உண்டாக்குவது அன்று’ என்ற விளக்கத்தோடு அனுப்புகிறேன். சேலத்தார் சொன்ன வரியும் சேர்ந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘உண்டாக்குவது அன்று’ என்று கீழே எழுதவேண்டி வந்ததே, அதைத்தான் சொன்னேன்.