கஸ்டமருக்கு ஒரு பிராஞ்ச்: இதிலிருந்து வெளியே வந்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. பம்ப் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுகிறோம். ஒவ்வொரு கஸ்டமருக்கும் பழைய கோடைக் காப்பி எடுத்துத் தனி பிராஞ்ச். டிரை ரன் கட்-ஆஃபில் (தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பை நிறுத்தும் பகுதி) ஒரு பக்கைச் சரிசெய்தால் எல்லா பிராஞ்சிலும் கையால் ஒட்ட வேண்டும். ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

பிராடக்ட் லைன் முறைக்கு, அதாவது ஒரே பொதுக் கோடிலிருந்து ஃபீச்சரைத் தேர்ந்து ஒவ்வொரு கஸ்டமருக்கும் தயாரிக்கும் முறைக்கு, மாற நினைக்கிறோம். 1990-இல் வந்த ஃபோடா (FODA, ஃபீச்சர் அடிப்படையில் மென்பொருளை அலசும் முறை) அறிக்கையின் ஃபீச்சர் மாடல் பிடித்திருக்கிறது: எது கட்டாயம், எது விருப்பம், எதோடு எது சேராது என்று மரமாக வரைவது. லினக்ஸ் கெர்னலில் எந்த வசதி வேண்டும் என்று தேர்வு செய்ய உதவும் கேகான்ஃபிக்கும் (Kconfig) கிட்டத்தட்ட இதைத்தானே செய்கிறது? அதையே எடுத்தாளலாம் என்பது என் கட்சி. கோடு முழுக்க இஃப்டெஃப் (#ifdef, கம்பைல் செய்யும்போது ஒரு பகுதியைச் சேர்ப்பதா விடுவதா என்று சொல்லும் வரி) மண்டிவிடுமோ என்பதுதான் பயம்.

ஏற்கெனவே ஃபீல்டில் ஓடும் பிராஞ்சுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தீர்களா, பொதுப் பகுதியைப் புதிதாக எழுதினீர்களா? விருப்ப ஃபீச்சர் பத்து இருந்தாலே, ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்று 1,024 சேர்க்கை வருகிறது; டெஸ்டில் எதை விட்டீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். டூல் விற்பவர்கள் மன்னிக்கவும்.