புதுப்பிப்பு: அமெரிக்கப் புரட்சிக் கட்டுரைக்கு மூல ஆவணம் கிடைத்தது

மகளின் எட்டாம் வகுப்புக் கட்டுரைக்கு, 1776 வாக்கில் ஒரு பெண் எழுதிய மூல ஆவணம் இணையத்தில் இலவசமாக எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் என்ற யோசனைதான். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம். புதுச் சட்டங்களில் பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அபிகெயில் ஆடம்ஸ் 1776 மார்ச் 31 அன்று கணவர் ஜானுக்கு (பின்னாளில் அமெரிக்க அதிபரானவர்) எழுதிய கடிதம் முழுதாக இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று ஜான் எழுதிய பதிலும் உண்டு. சிரிப்புதான் வருகிறது என்கிறார் அதில்! மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டுரையை அங்கிருந்தே தொடங்கினாள்.

எதிர்பாராதது ஒன்று: அங்கே தட்டச்சு வடிவம் மட்டும்தான். ஆசிரியர் கையெழுத்துப் பிரதியின் படமும் கேட்டார். அப்புறம் தேடியதில், அது மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் கிடைத்தது.