குறுவை வைக்கோல் போருக்குள் சூடு: பிரிக்கலாமா?

நீடாமங்கலத்தான்:
குறுவை அறுத்து பேலர் (வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டும் இயந்திரம்) விட்டுக் கட்டிய வைக்கோல், 120 கட்டு. கட்டும்போதே அடி ஈரம், மறுநாள் தூறல் வேறு. போர் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. இப்போது விடியலில் உச்சியில் ஆவி எழும்புகிறது, கருகிய வெல்லம் போல வாடை. ஆறடி தள்ளி கீற்றுக் கொட்டகை, உள்ளே நாலு மாடு. பிரித்துக் காயப்போடலாமா, தண்ணீர் ஊற்றலாமா?

வயல்பொறி:
இப்போதைக்குப் பிரிக்காதீர்கள் தம்பி. மாடுகளை முதலில் அவிழ்த்து, காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். ஈர வைக்கோலில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேற்றும். 70 டிகிரியை நெருங்கும்போது அவை செத்துவிடும், ஆனால் அதற்குமேல் வேதிவினையே சூட்டை ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே காற்று இல்லாததால்தான் தீ அடங்கிக் கிடக்கிறது. கட்டை உருவினால் காற்று புகுந்து குப்பென்று பிடிக்கும்.

ஆறடி இரும்புக் கம்பியைப் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செருகி, கால் மணி நேரம் விட்டு உருவுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் தினம் இரண்டு வேளை பார்த்தால் போதும். கையில் பிடிக்க முடியாவிட்டால் 60-க்கு மேல் என்று வைத்துக்கொண்டு தீயணைப்புக்கு, 101-க்குச் சொல்லுங்கள். போர்மேல் யாரும் ஏறக்கூடாது. உள்ளே கருகிப் பொந்து விழுந்திருந்தால் ஆளை அப்படியே இறக்கிவிடும். மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதும் வீண்: இறுக்கிய கட்டில் அது நடுவுக்குப் போகாது, ஓரத்து ஈரத்தைத்தான் கூட்டும்.

கொட்டகைப் பராமரிப்பு:
ஆறடி இடைவெளி போதவே போதாது, ஐம்பதடியாவது வேண்டும். கீற்று எவ்வளவு வேகமாக எரியும் என்பதை 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொசுவுக்கு மூட்டம் போடுவதானால் இரும்புச் சட்டியில், கூரைக்கு வெளியே. படுக்கும் முன் தண்ணீர் விட்டு அணைத்துவிட வேண்டும். மாட்டுக் கயிற்றை உருவு முடிச்சாகப் போடுங்கள், ஒரே இழுப்பில் அவிழும்.

வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் தாழ்ந்த மின்கம்பியில் உரசியும் பற்றும். தொங்கும் கம்பி கண்ணில் பட்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

நீடாமங்கலத்தான்:
போரில் செருகி உருவிய கம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. 101-க்குச் சொல்லியாயிற்று, மாடுகள் களத்துமேட்டில். வண்டி வரும்வரை என்ன செய்வது?

வயல்பொறி:
மோட்டாரைப் போட்டு ஓஸைக் கொட்டகை வரை இழுத்து, போரைப் பார்த்த பக்கத்துக் கீற்றை நனைத்துக்கொண்டே இருங்கள். வண்டி வந்தபின் அவர்கள் சொல்படிதான் பிரிக்க வேண்டும்: வெளிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, உருவ உருவ நனைத்து, திறந்த வெளியில் உதறிப் பரப்ப வேண்டும். குவித்தால் மறுபடி சூடேறும். இரண்டு நாளாவது கண் வையுங்கள். பழுப்பேறினதும் பூஞ்சை பிடித்ததும் மாட்டுக்கு வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும், அதுவும் நன்றாக ஆறிய பிறகு.

அடுத்த முறை அறுவடை இயந்திரம் விட்ட வரிசையை ஒருமுறை புரட்டி, நல்ல வெயிலாக இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பனி விலகி, பதினோரு மணிக்குமேல் பேலரை இறக்குங்கள். ஒரு பிடியை முறுக்கினால் மொறுமொறுவென்று ஒடிய வேண்டும், துவண்டால் கட்டக்கூடாது. ஒரே போராக அடுக்காமல் நாற்பது நாற்பதாகப் பிரித்து, அடியில் பனைமட்டையோ சவுக்குக் கழியோ பரப்புங்கள். தார்ப்பாயை உச்சிக்கு மட்டும் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.