அம்மா விவசாயி இல்லையாம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மாநிலங்களவை என்றாலே எங்கள் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: தேர்தலில் தோற்றவருக்கும் கட்சியில் வேண்டப்பட்டவருக்கும் கிடைக்கிற இடம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபின், நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

"பட்டா யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டார் அதிகாரி.

"இவன் அப்பா பெயரில். அவர் போய் மூன்று வருடமாகிறது."

"அப்படியானால் நீங்கள் விவசாயி இல்லையேம்மா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. சேற்றுப்புண் ஆறாத விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். நாற்பது வருடமாக நாற்றுமுடியைப் பிரித்து நட்ட விரல்கள் அவை.

அந்த ஆத்திரத்தில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன், நியமன உறுப்பினராக இருந்த காலத்தில், 2012 மே மாதம் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமை மசோதாவைக் கொண்டுவந்திருக்கிறார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், பாடுபடுகிற பெண்ணுக்குக் கிராம சபை ஒப்புதலோடு 'பெண் விவசாயி' என்று சான்றிதழ் தர வேண்டும் என்கிறது அது. 2013இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியாகிவிட்டது. தேர்தலில் நிற்காத ஒருவர் எங்கள் அம்மாவுக்காக எழுதிய மசோதா! டீக்கடையில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த அவையை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2019 டிசம்பரில் டெல்லி போனபோது, தெரிந்தவர் மூலம் வெள்ளிக்கிழமைக்குப் பார்வையாளர் சீட்டு கிடைத்தது. வெள்ளி பிற்பகல்தான், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம், மொத்தம் இரண்டரை மணி நேரம். கைப்பேசியை வெளியே வாங்கிக்கொண்டார்கள். கால்மேல் கால் போட்டதும் காவலர் வந்து தொடையைத் தொட்டு இறக்கச் சொன்னார். கீழே சிவப்புக் கம்பளம், பாதிக்குமேல் காலி இருக்கைகள். ஒருவர் மட்டும் காகிதத்தைப் பார்த்து மன்றாடிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அம்மாவின் மசோதாவும் இப்படித்தான் கேட்பாரற்றுக் கிடந்திருக்கும்.

ஆனால் அதே வெள்ளிக்கிழமைகளில்தான், திருச்சி சிவா கொண்டுவந்த மூன்றாம் பாலினத்தவர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அங்கே நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லை என்றாலும், அரசே பிறகு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் போதாது என்பது வேறு வழக்கு. கதவைத் தட்ட முடிகிறதல்லவா?

ஊர் திரும்பியதும் தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினேன். அந்த மசோதாவை மீண்டும் கொண்டுவாருங்கள் என்பதுதான் கோரிக்கை. பதினெட்டிலும் அம்மாவே கையெழுத்திட்டார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார். 'விவசாயி' என்று எழுதச் சொன்னேன். இரண்டு பேரிடமிருந்து 'கடிதம் கிடைத்தது' என்று பதில் வந்திருக்கிறது. அவற்றைப் பட்டா நகலோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.